ஜெயமணிக்கு நான் சொன்னது

எண்பத்தைந்தாம் ஆண்டு, மாரி முடிந்த கையோடு எனக்கு நெருப்புக்காய்ச்சல், டைபாய்ட், வந்தது. அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. வேலணையில் சங்கக்கடை மனேச்சராக இருந்தேன். மனைவி மலர், இரண்டு பெண்பிள்ளைகள். பக்கத்து வளவில் என்னை வளர்த்த அக்கா.

நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவன். இருபத்திரண்டு வயதில் இயேசுவை ஏற்றுக்கொண்டு ஞானஸ்நானம் எடுத்தேன். ஊரில் முப்பது பேர் கூடுகிற சிறிய சபையில் இரண்டு மூப்பர்கள். ஒருவர் சாமுவேல் ஐயா, மற்றவன் நான். மூப்பர் என்றால் சம்பளம் வாங்குகிற போதகர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்வோம், அப்பம் பிட்டுக் கொடுப்போம், சபையார் யாராவது வழிதவறினால் வீட்டுக்குப் போய்ச் சொல்லுவோம். அந்தக் கடைசி வேலையை நான் விருப்பத்தோடு செய்தேன்.

காய்ச்சல் தொடங்கியபோது கொத்தமல்லி அவித்துக் குடித்துவிட்டு, டிஸ்பிரின் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். ஒரு கிழமை அப்படி ஓடியது. சாதாரணக் காய்ச்சல் ஏறும், வேர்க்கும், இறங்கும். இது படிப்படியாக ஏறிக்கொண்டே போனது. நாக்கு வெள்ளையாகி, நுனி மட்டும் சிவந்திருந்தது. பத்தாம் நாள் அரிசி நிறுத்துக்கொண்டிருந்தபோது தராசு இரண்டாகத் தெரிந்தது. அதே நாள் பின்னேரம் மலர் என்னைக் காரில் ஏற்றி யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். பண்ணைப் பாலத்தடியில் ஆமிக்காரர் காரை மறித்து எல்லாரையும் இறங்கச் சொன்னார்கள். நான் இறங்க ஏலாமல் கிடந்ததைப் பார்த்து ஒருவன் என் நெற்றியில் கைவைத்தான். வைத்த கையை உடனே எடுத்துவிட்டுப் போகச் சொன்னான்.

வெளிநோயாளர் வாங்குப் பலகையில் மூன்று மணித்தியாலம் இருந்தோம். பிறகு இரத்தம் எடுத்தார்கள். நெருப்புக்காய்ச்சலுக்கு எதிராக உடம்பு சண்டை பிடிக்கத் தொடங்கியிருந்தால் அது இரத்தத்தில் தெரியுமாம். இரண்டாம் நாள் முடிவு வந்தது. வாட்டு டாக்குத்தர் இளம் பொடியன், ஆறுதலாக விளங்கப்படுத்தினார்.

"ஐயா, இந்தக் கிருமி தண்ணியோடையும் சாப்பாட்டோடையும் உள்ள போறது. சின்னக் குடலின்ரை சுவரிலை போய் இருந்து புண்ணாக்கும். மூண்டாம் கிழமைதான் கவனம். புண் ஆழமாப் போனா குடல் ஓட்டையாகலாம். கட்டிலை விட்டு எழும்பக் கூடாது. கட்டியாய் ஒண்டும் சாப்பிடக் கூடாது."

ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை குளுசை தந்தார்கள். கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. அடுத்த நாலைந்து நாட்கள் எனக்கு நினைவில்லை. இந்தக் காய்ச்சலில் ஆள் பிதற்றுவது வழமை என்று சொல்வார்கள். நான் பிதற்றவில்லை. பிரசங்கம் செய்தேன். இதைப் பிறகு மலர் எனக்குச் சொன்னாள். கட்டிலில் எழும்பி இருக்கப் பார்த்து, விரலை நீட்டி, வாட்டு முழுவதும் கேட்க ஒரே பிரசங்கத்தைத் திரும்பத் திரும்பச் செய்தேனாம். ஒருமுறை ஒளியைக் கண்டவன் பின்வாங்கினால் அவனுக்குத் திரும்பி வர வழியில்லை என்கிற பிரசங்கம்.

காய்ச்சல் கொஞ்சம் இறங்கி நினைவு தெளிந்த காலையில், பக்கத்துக் கட்டில் மனிதர் என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். அனலைதீவுக்காரர், நீரிழிவில் கால்விரல் எடுத்திருந்தவர்.

"ஐயா, ஆர் விழுந்தது?"

"என்ன?"

"மூண்டு நாளா விழுந்தவள், விழுந்தவள் எண்டு கத்தினீங்கள். கிணத்துக்கை விழுந்த ஆரோ எண்டு நினைச்சன். ஆள் தப்பினதோ?"

நான் மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

விழுந்தவள் என்று நான் சொன்னது ஜெயமணியை. இறுப்பிட்டியில் இருந்து எங்கள் சபைக்கு வந்துகொண்டிருந்த பெண். புருசன் கடல்தொழில். ஒரே மகன் ரூபன். காய்ச்சலுக்கு இரண்டு வருடம் முந்தி, அவனுக்கு ஆறு வயதாக இருந்தபோது, வலிப்பு வரத் தொடங்கியது. ஒரு நாளைக்கு நாலு தரம், ஐந்து தரம். மருந்தும் நடந்தது, நாங்களும் உபவாசம் இருந்து ஜெபித்தோம். ஒரு வெள்ளிக்கிழமை ஜெயமணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குறிகட்டுவானில் வள்ளம் ஏறி, நயினாதீவு அம்மன் கோயிலுக்குப் போய் நேர்த்தி வைத்து, அவன் கையில் நூல் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். எங்களுக்கு அதை வேறு யாரும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு சபையில் அவரே எழும்பி நின்று சொன்னார். அழுதுகொண்டு, தான் செய்தது பிழை என்றும், மன்னிப்புக் கிடைக்குமா என்றும் கேட்டார்.

திங்கட்கிழமை பின்னேரம் நான் இறுப்பிட்டிக்குப் போனேன். முற்றத்தில் நின்றபடியே வேதத்தைத் திறந்து, விசுவாசத்திலிருந்து விழுந்துபோனவர்களைப் பற்றிய அந்தப் பகுதியை வாசித்துக் காட்டினேன். "நீர் ஒளியைக் கண்டனீர், ருசி பார்த்தனீர், பிறகு தெரிஞ்சு போட்டுத்தான் மறுதலிச்சனீர். தெரியாமல் செய்யிறவைக்கு வழி இருக்கு. உமக்கு இனி வழி இருக்கெண்டு சொல்ல என்னாலை ஏலாது" என்று சொன்னேன். இனி அப்பம் பிட்கிற இடத்துக்கு வரவேண்டாம் என்றும் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"அண்ணை, பிள்ளைக்கு இப்ப வலிப்பு வாறேல்லை. அதாலைதான் நான் ஆண்டவருக்கு இல்லாமல் போயிட்டனோ?"

"அது எனக்குத் தெரியாது" என்றேன். வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டேன். கடமையைச் செய்த நிம்மதி இருந்தது.

காய்ச்சலின் மூன்றாம் கிழமை, ஒரு புதன்கிழமை விடியற்காலை, வலது அடிவயிற்றில் யாரோ கத்தியை இறக்கித் திருப்பினதுபோல ஒரு வலி. பிறகு வயிறு முழுவதும் பரவிப் பலகைபோல இறுகியது. மூச்சை உள்ளே இழுக்க முடியவில்லை. என்னைத் தாங்கிப் பிடித்து நிமிர்த்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். குடல் ஓட்டையானால் உள்ளே இருக்கிற காற்று வெளியே வந்து வயிற்றின் மேல்பக்கம் போய் நிற்கும். படத்தில் அது கறுப்புப் பிறைபோலத் தெரியும். டாக்குத்தர் அதை வெளிச்சத்தில் பிடித்து மலருக்குக் காட்டினார். உடனே வயிற்றைத் திறக்கவேண்டும், ஓட்டையைத் தைக்கவேண்டும், அழுக்கைக் கழுவவேண்டும் என்றார். பிழைப்பாரா என்று மலர் கேட்டதும் எனக்குக் கேட்டது.

"பாதிக்குப் பாதி எண்டு நினையுங்கோ. பிந்தினால் அதுவுமில்லை."

மலர் இரத்தத்துக்கு ஆள் பிடிக்க ஓடினாள். முதல் பஸ்ஸில் வந்திருந்த அக்கா என் பக்கத்தில் தனியாக நின்றார்.

அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். அம்மா செத்தபோது எனக்கு நாலு வயது, அக்காவுக்குப் பதினாறு. என்னை வளர்ப்பதற்காக இரண்டு சம்பந்தங்களைத் தட்டிக் கழித்தவர். நான் வேதக்காரனானபோது என்னை ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பாவின் செத்தவீட்டில் திருநீறு பூச மாட்டேன் என்று நான் நின்றபோது மட்டும் குசினிக்குள் போய் அழுதார். அன்றைக்கு அந்த அழுகைக்கும் நான் அசையவில்லை. அதைச் சாட்சியாகப் பல இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு மஞ்சள் நூலை எடுத்தார்.

"தம்பி, நேற்று நயினாதீவு அம்மாளிட்டைப் போனனான். இதைக் கட்டட்டோ? நீ வேண்டாமெண்டா நான் கட்டேல்லை. உனக்கு ஒத்துவராததை நான் செய்ய மாட்டன்."

எனக்கு அந்த நேரம் மயக்கம் இல்லை. பிதற்றலும் இல்லை. காய்ச்சல் வந்த நாளிலிருந்து என் புத்தி அவ்வளவு தெளிவாக இருந்ததில்லை. அக்காவின் மனம் நோகக்கூடாதே என்றுகூட நான் நினைக்கவில்லை. அப்படி நினைத்திருந்தால் இன்றைக்குச் சொல்ல ஒரு சாட்டு இருந்திருக்கும். எனக்குச் சாகப் பயம். என் ஆண்டவரைக் கூப்பிட்டுப் பார்த்தேன், வெறும் கூரைதான் தெரிந்தது. கையை நீட்டினேன்.

"கட்டுங்கோ."

அக்கா கட்டினார். "அம்மாளை ஒருக்கா நினை ராசா" என்றார். நான் நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் வாய் திறந்து, "அம்மாளே, என்னைக் காப்பாத்து" என்றும் சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரர் கண்ணை மூடிக் கும்பிட்டார்.

ஒப்பரேசன் தியேட்டரில் மிஸ்ஸி, அதாவது தாதி, அந்த நூலை வெட்டவில்லை. மேலே பிளாஸ்டர் ஒட்டினார். மருந்து ஏறி நினைவு மங்கிக்கொண்டு போகும்போது எனக்குள் வந்தது ஒன்றே ஒன்று. ஜெயமணியாவது பிள்ளைக்காகப் போனார்.

கண் திறந்தபோது மூக்கால் ஒரு குழாய் வயிற்றுக்குப் போயிருந்தது. குடலுக்கு வேலை கொடுக்காமல் வைத்திருப்பதற்காக உள்ளே ஊறுகிற தண்ணீரை அது வெளியே எடுக்கும். விலாப்பக்கம் இன்னொரு குழாய், வயிற்றுக்குள் மிஞ்சின சீழ் வடிவதற்கு. ஆறு நாள் வாயால் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. மலர் பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றுவாள். அந்தப் பஞ்சுக்காக நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன்.

உயிரோடு இருக்கிறேன் என்ற சந்தோசம் அரை நாள்தான் இருந்தது. பிறகு ஜெபிக்கப் பார்த்தேன். பதினாறு வருடமாக விடிய எழும்பினவுடன் தானாக வருகிற வார்த்தைகள் வரவில்லை. பிதாவே என்று தொடங்கினால், யார் கூப்பிடுகிறது என்று யாரோ கேட்பதுபோல இருந்தது. நான் ஜெயமணிக்கு வாசித்துக் காட்டிய பகுதி எனக்குப் பாடம். ஒரு எழுத்துப் பிசகாமல் தெரியும். தெரிந்துகொண்டு செய்தவன், ருசி பார்த்தவன், மறுதலித்தவன். எல்லாம் பொருந்தியது. நான் இறுப்பிட்டி முற்றத்தில் நின்று தைத்த சட்டை எனக்கே அளவாக இருந்தது.

மூன்றாம் நாள் மலர் என் கையைக் கழுவும்போது பிளாஸ்டர் கழன்று நூல் தெரிந்தது. அவள் அக்காவைப் பார்த்தாள்.

"மச்சாள், இதென்ன?"

குழாய் இருந்தாலும் என்னால் தலையாட்ட முடியும். விரலைக் காட்ட முடியும். நான் ஒன்றும் செய்யவில்லை.

"மயக்கத்திலை கிடக்கேக்கை கட்டிப்போட்டன் பிள்ளை" என்றார் அக்கா. "அவனுக்குத் தெரியாது. பேசுறதெண்டா என்னைப் பேசு."

மலர் பேசினாள். வாட்டுக்குள் மெதுவான குரலில், ஆனால் கடுமையாகப் பேசினாள். அக்கா கேட்டுக்கொண்டு நின்றார். என் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. மலர் கத்தரிக்கோல் வாங்க மிஸ்ஸியிடம் போனாள். மிஸ்ஸி மருந்து கட்டிக்கொண்டிருந்ததால் கிடைக்கவில்லை. முடிச்சு நனைந்து இறுகி நகத்தால் அவிழவில்லை. பின்னேரம் பார்ப்போம் என்று விட்டுவிட்டாள்.

அன்று பன்னிரண்டு மணிக்கு, நோயாளரைப் பார்க்க விடுகிற நேரம், ஜெயமணி வந்தார். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவரை அப்போதுதான் பார்க்கிறேன். ஒரு செவ்விளநீரைச் சாக்குத் துண்டில் சுற்றி, இறுப்பிட்டியில் இருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். இப்போது குடிக்கக்கூடாது என்று மலர் சொன்னதும், "அப்ப வைச்சிருந்து பிறகு குடுங்கோ அக்கா" என்று கட்டிலுக்குக் கீழே வைத்தார். ரூபன் மூன்றாம் வகுப்புப் படிக்கிறானாம். வலிப்பு இல்லையாம். மலரோடு கதைத்துக்கொண்டே என் கையைப் பார்த்தார். அந்த நூலை அவருக்குத் தெரியும். அதே நிறம், அதே முடிச்சு. பிறகு என் முகத்தைப் பார்த்தார். மலருக்கு அக்கா சொன்ன கதை அவரிடம் செல்லாது என்று எனக்குத் தெரிந்தது.

அந்த நேரம் சாமுவேல் ஐயாவும் சபையார் நாலு பேரும் வாட்டு வாசலால் வந்தார்கள். ஜெயமணி அவர்களைக் கண்டார். குனிந்து, குளிருகிறவனுக்குச் செய்வதுபோல, கட்டில் போர்வையை இழுத்து என் முழங்கை வரைக்கும் மூடிவிட்டார். மூடிவிட்டு ஒதுங்கி, சபையார் கட்டிலைச் சுற்றி நிற்க இடம்விட்டு, தான் வெளியே விறாந்தைக்குப் போனார்.

சாமுவேல் ஐயா என் தலையில் கைவைத்து ஜெபித்தார். மரணத்தின் வாசலிலும் அசையாமல் நின்ற உம்முடைய உண்மையுள்ள ஊழியனுக்காக நன்றி என்று ஜெபித்தார். சபையார் ஆமென் சொன்னார்கள். மூக்குக் குழாய் ஆடினது. நான் அழுவதைப் பார்த்து, ஆவியானவர் தொடுகிறார் என்று ஒருவர் சொன்னார்.

அன்று பின்னேரம் மலர் கத்தரிக்கோல் கொண்டுவந்து நூலை வெட்டினாள். மணிக்கட்டில் நூல் இருந்த அடையாளம் இரண்டு நாள் கிடந்தது.

ஆறாம் நாள் குழாயை எடுத்தார்கள். கஞ்சித்தண்ணி, பிறகு பிஸ்கற், பிறகு குழைந்த சோறு. தைத்த இடம் ஒரு மூலையில் சீழ் பிடித்து, அதற்கு ஒவ்வொரு நாளும் மருந்து கட்டினார்கள். வீட்டுக்கு வர ஒன்றரை மாதம் ஆனது. நாற்பத்தொரு கிலோ இருந்தேன். என் சின்ன மகள் என்னைக் கண்டு பயந்து கதவுக்குப் பின்னால் நின்றாள்.

நானே சம்மதித்துத்தான் நூல் கட்டினது என்று முதலில் மலருக்குச் சொன்னேன். அவள் எழும்பி வேலியைக் கடந்து அக்காவிடம் போனாள். என்ன கதைத்தார்கள் என்று தெரியாது. திரும்பி வரும்போது அவளுக்குக் கண் சிவந்திருந்தது. அக்கா எனக்குப் புட்டு அவித்துக் கொடுத்துவிட்டிருந்தார்.

பிறகு சாமுவேல் ஐயாவிடம் போனேன். கதிரையில் இருக்கக்கூட ஏலாமல், சுவரில் சாய்ந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை.

"தம்பி, பிள்ளை தகப்பன்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு போகேக்கை விட்டுடலாம். தகப்பன் பிள்ளையைப் பிடிச்சிருந்தா? நான் அப்பிடித்தான் நம்புறன். பேதுரு மூண்டு தரம் ஆண்டவரைத் தெரியாதெண்டவர். ஆண்டவர் அவரைக் கைவிட்டவரோ?"

"அப்ப நான் இறுப்பிட்டிக்குப் போகேக்கை இதை ஏன் சொல்லேல்லை?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பால் துடைத்தார்.

"நீர் வலு உறுதியாச் சொன்னனீர். எனக்கு அவ்வளவு உறுதி இருக்கேல்லை. சபையிலை சண்டை வேண்டாமெண்டு பேசாமல் இருந்திட்டன்."

அந்த ஞாயிறு சபையில் எழும்பி நின்று சொன்னேன். மூப்பர் பொறுப்பை விட்டேன். சிலர் அழுதார்கள், சிலர் என்னைத் தொடாமல் போனார்கள். அதில் எனக்குப் பெரிய துக்கம் இல்லை. ஆனால் சாமுவேல் ஐயா சொன்னது எனக்குள் இறங்கவில்லை. பிடித்திருக்கிற கை எதுவும் எனக்குத் தெரியவில்லை. தகப்பன் விடமாட்டான் என்று வாயால் சொல்லுவேன். உடனே இன்னொரு குரல், என்னுடைய பிரசங்கக் குரல், அந்தப் பகுதியை வாசிக்கத் தொடங்கும்.

பஸ்ஸில் ஏறி இருந்து போகக்கூடிய பலம் வந்ததும் இறுப்பிட்டிக்குப் போனேன். ஜெயமணி முற்றத்தில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தார். கதிரை எடுத்துவந்து போட்டார். நான் இருக்கவில்லை.

"ஜெயமணி, நான் உமக்குச் சொன்னது பிழை. அப்பிடிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. மன்னிப்புக் கேக்க வந்தனான்."

அவர் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே இருந்தார்.

"எப்ப அண்ணை அது பிழையெண்டு தெரிஞ்சது? உங்கடை கையிலை கட்டின பிறகோ?"

பொய் சொல்ல முடியவில்லை. "ஓம்" என்றேன்.

"இரண்டு வருசம் அண்ணை. ஒரு நாளாவது எனக்காக அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பாத்தனீங்களோ? வேறை ஏதும் எழுதியிருக்கோ எண்டு?"

"இல்லை."

"நான் பாத்தனான். எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கத் தெரியும். ரூபன் பள்ளிக்கூடம் போன பிறகு இருந்து வாசிப்பன். ஒரு பக்கம் வாசிச்சா நான் அவரிட்டை இருக்கிறன் மாதிரி இருக்கும். மற்றப் பக்கம் வாசிச்சா நான் போயிட்டன் மாதிரி இருக்கும்." கையில் ஒட்டிய செதிலைத் தட்டினார். "பிள்ளை சிரிக்கேக்கை, சரி, நான் போனாலும் பரவாயில்லை எண்டு நினைப்பன். பிறகு அப்பிடி நினைச்சதும் பாவமோ எண்டு பயம் வரும்."

"ஜெபிக்கிறனீரோ?"

"ஓம். நிப்பாட்டிப் பாத்தனான், ஏலேல்லை. கேக்கிறாரோ தெரியாது. விடிஞ்சா வாய் தன்பாட்டிலை சொல்லும்."

நான் அங்கே நின்று, என் வாழ்க்கையில் யாரிடமும் கேட்காததைக் கேட்டேன். "என்னாலை ஜெபிக்க ஏலாமல் கிடக்கு. எனக்காக ஒரு வார்த்தை சொல்லும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. களைப்பு இருந்தது.

"நாளைக்குச் சொல்லுறன் அண்ணை. இண்டைக்கு ஏலாது."

நான் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஜெயமணி சபைக்கு வரவில்லை. அடுத்த ஆவணியில் போரால் கடலில் தொழில் செய்ய ஏலாமல் போனதும், அவர்கள் குடும்பம் வள்ளத்தில் இராமேஸ்வரம் பக்கம் போய்விட்டதாக அறிந்தேன். தொண்ணூறில் நாங்களும் வேலணையை விட்டு எழும்பி வந்தோம். அக்கா வரும் வழியில் களைத்து விழுந்து, மூன்று மாதத்தில் கண்ணை மூடினார். சாமுவேல் ஐயாவும் இல்லை. சாவகச்சேரியில் ஒரு கொட்டில் வீட்டில் இருந்து இதை எழுதுகிறேன். வயிற்றில் தழும்பு ஒரு சாண் நீளம். மழை நாளில் இழுக்கும். மற்றபடி உடம்பு சுகம்.

விடிய எழும்பினால் நான் இப்போதும் பிதாவே என்று தொடங்குகிறேன். சில நாள் அதற்கு அப்பால் போகும், பல நாள் அங்கேயே நிற்கும். நிற்கிறபோது ஜெயமணி நினைவுக்கு வருவார். நாளைக்குச் சொல்லுறன் என்ற அந்த நாளில் அவர் ஜெபத்தில் என் பெயரைச் சொன்னாரா, மறந்துபோனாரா, சொல்ல மனம் வராமல் விட்டாரா என்று தெரியாது. ஆள் இருக்கிறாரா என்றே தெரியாது. ஆனால் அவர் சொல்லியிருந்தால் அது கேட்கப்பட்டிருக்கும். இந்த ஒன்றில் மட்டும் எனக்குச் சந்தேகம் வந்ததில்லை. அவருக்கு நேரே நின்று, அவருடைய ஜெபம் கேட்கப்படுகிறது என்று சொல்லியிருக்கவேண்டும். அன்றைக்கு நான் எனக்காகக் கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.